இடமும் வலமும் ஒன்றே எனும் கண்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவரின் கண்ணில் ஒரு சிறுத்தை படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் சிறுத்தைதான். யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. மூளை நொடிக்குள் சொல்லிவிடும். உருவம் பக்கம் மாறினாலும் பொருள் மாறாது என்று கொள்வது மனிதப் பார்வையின் பிறவிப் பழக்கம். மலையில் உயிரைக் காக்கும் அந்தப் பழக்கமே நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு பிள்ளையைத் தடுமாற வைக்கிறது.

ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘பி’யும் (b) ‘டி’யும் (d) ஒரே உருவம்தான். கோட்டுக்கு வலப்பக்கம் வயிறு இருந்தால் ஒன்று. இடப்பக்கம் இருந்தால் மற்றது. புதிதாக ஆங்கிலம் தொடங்கிய பிள்ளை இரண்டையும் மாற்றி வாசித்தால் அது மந்தமும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. மூளை தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே செய்கிறது.

எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாகிறது. அதற்கென்று தனி இடமொன்றை வளர்த்தெடுக்க மூளைக்கு அவகாசம் கிடைக்கவில்லை. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் விளக்குவதுபோல, பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் இடது மூளைப் பகுதியில் ஒரு துண்டு, வாசிக்கக் கற்கும்போது எழுத்துக்காகப் பழக்கப்படுகிறது. பேச்சு, கேட்டுக் கேட்டே வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கவேண்டும்.

இதில் தமிழுக்கு ஒரு தனிக் கதை உண்டு. கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும் எழுத்துச் சோடி நம் நெடுங்கணக்கில் இல்லை. ஈவ் டான்சிகரும் எரிக் பெடர்சனும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் போலவே, ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாகவே கொள்ளும் போக்குக் காட்டினார்கள். ரோமன் எழுத்து வாசிப்பவர்களோ இரண்டையும் வேறு வேறு என்றார்கள். நாம் எந்த எழுத்தை வாசிக்கிறோமோ அதற்கேற்பவே கண்ணும் பார்க்கப் பழகுகிறது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அடுத்தடுத்து இருக்கும் மலையகத்து நூலகத் தட்டின் முன் நிற்கும் பிள்ளை, மூன்று விதமாகப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறது.

பிள்ளையை இப்படிப் பழக்குவதற்குச் சிறுவர் பகுதி நூலகரின் கையிலிருக்கும் கருவிகளில் முதலாவது அவருடைய சுட்டுவிரல். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று கனடாவில் கருவி வைத்து அளந்தார்கள். 2005இல் வெளியான முடிவு பலரையும் யோசிக்க வைத்தது: கண் கிட்டத்தட்ட முழு நேரமும் படத்திலேயே நின்றது, எழுத்தின் பக்கம் திரும்பியதே அரிது. நாம் வரியை வாசிக்கிறோம், பிள்ளை யானையைப் பார்க்கிறது. ஆனால் வாசிப்பவர் சொல்லுக்கு அடியில் விரலை வைத்தால் கண் அங்கே வருகிறது. காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றுதான் என்ற சேதியை அந்த விரல் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது கருவி பொறுமை. “மிஸ், திரும்ப ஒருக்கா வாசிங்க” என்று கேட்காத பிள்ளை இல்லை. நேற்று வாசித்த கதைதானே, புதிதாக ஒன்று வாசிக்கலாமே என்று பெரியவர்களுக்குத் தோன்றும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டது. இன்னொரு குழு வெவ்வேறு கதைகளைக் கேட்டது. புதுச் சொற்கள் இரு குழுவின் காதிலும் விழுந்தது ஒரே எண்ணிக்கைதான். இருந்தும் ஒரே கதையைக் கேட்டவர்களுக்கே அவை நன்றாக மனத்தில் தங்கின. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால், தெரியாத சொல்லைக் கவனிக்க மனத்துக்கு இடம் கிடைக்கிறது. ஆண்டுதோறும் அதே காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்த தோட்டத்துச் சனங்களுக்கு இது புதிய தத்துவம் இல்லை.

மூன்றாவது, புத்தகத் தமிழ். லயத்தில் “வந்துருச்சு” என்று பேசும் பிள்ளை, புத்தகப் பக்கத்தில் “வந்துவிட்டது” என்பதைச் சந்திக்கிறது. அந்தத் தமிழை முன்பே காதால் கேட்டுப் பழகியிராவிட்டால், எழுத்துக்கூட்டத் தெரிந்தும் வரி விளங்காது. சத்தமாக வாசித்துக் காட்டுவது அந்தத் தூரத்தைக் குறைக்கிறது.

இதெல்லாம் நூலகம் வரும் பிள்ளைக்கு. வராத பிள்ளைக்கு? இலங்கையில் பொது நூலகங்களை நடத்துபவை உள்ளூராட்சி சபைகள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைத் தாராளமாகச் செலவிட வழியிருக்கவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரையில் ஹட்டன், நுவரெலியா என்று நகரங்களில் நூலகம் இருந்தும், மேல்மலையிலிருந்து பஸ் பிடித்து வரக்கூடிய பிள்ளைக்கே அது பயன்பட்டது.

பிள்ளை வர முடியாவிட்டால் புத்தகம் போகலாம். 1931இல் தமிழ்நாட்டின் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் ஏற்றிப் புத்தகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் அவ்வளவு அலையவும் தேவையில்லை. தாய்மார் மலைக்குப் போனதும் கைக்குழந்தையிலிருந்து பள்ளி செல்லாத வயதுவரை பிள்ளைகள் கூடும் இடம் ஏற்கெனவே இருக்கிறது: பிள்ளைக் காம்பரா. ஆய்வுகள் சொல்லும் வயதும் அதுவேதான். விரலுக்கும் குரலுக்கும் கட்டடம் தேவையில்லை. நூலகர் வாரம் ஒருமுறை ஒரு பெட்டிப் புத்தகத்தோடு அங்கே போனால், அடுத்த வாரமும் அதே கதையை வாசித்தால், வேலை தொடங்கிவிடும்.