கப்பலில் உணவும் வசதியும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், விடுமுறை நெருங்கும்போது ஒரு புதிய பேச்சு இப்பொழுது எழுகிறது: "இம்முறை கப்பலில் போய் வந்தால் என்ன?" 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் மும்பைத் துறைமுகத்திலிருந்து பயணங்களைத் தொடங்கிய பின்னர், இப்பேச்சு வலுத்தது எனலாம். வயதான பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லப் பலர் விரும்புகின்றனர். அத்தகையோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. சாப்பாடு எப்படி? உடம்புக்குச் சௌகரியமாக இருக்குமா? இவ்விரண்டுக்கும் என்னால் இயன்ற விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

கடற்பயணம் நமக்குப் புதிதன்று. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ராஜூலா' கப்பலில், ஆயிரக்கணக்கான தமிழர் தளத்தில் பாய் விரித்துப் படுத்தே கடல் கடந்தனர். என் தாய்வழிப் பாட்டனாரும் அவ்வாறு சென்றவரே. ஓர் ஊரில் ஏற்றி மற்றோர் ஊரில் இறக்கி விடுவதே அக்கப்பலின் கடமை. உல்லாசக் கப்பலின் இயல்பு வேறு. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்போர் குறைந்துவிடுவதைக் கண்ட ஆல்பர்ட் பாலின் என்னும் ஜெர்மானியக் கப்பல் நிர்வாகி, 1891-ஆம் ஆண்டு ஜனவரியில் 'அகுஸ்தா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலில் உலாவி வர அனுப்பினார். இவ்வகைப் பயணத்தில் கப்பலே விடுதி, கப்பலே ஊர். ஆகவேதான் உணவும் வசதியும் அங்கே முதலிடம் பெறுகின்றன.

உணவு பரிமாறப்படும் இடங்கள் பொதுவாக மூவகை. ஒன்று, பெரிய உணவுக்கூடம். மேசையில் அமர்ந்து, பட்டியலைப் பார்த்துச் சொன்னால் சிப்பந்திகள் பரிமாறுவர். பல கப்பல்களில் இரவு உணவு இரண்டு பந்திகளாக நடைபெறும். முன்பந்தி மாலையிலேயே தொடங்கிவிடும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதுவே ஏற்றது. மற்றொன்று, நாமே தட்டேந்தி வேண்டியதை எடுத்துக்கொள்ளும் கூடம். மூன்றாவது, தனிக் கட்டணம் பெறும் சிறப்பு உணவகங்கள். முதலிரண்டும் பெரும்பாலும் பயணக் கட்டணத்தில் அடங்கும், மூன்றாவது அடங்காது.

'அனைத்தும் அடங்கிய கட்டணம்' என்ற தொடரை விளம்பரங்களில் காண்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அத்தொடரில் 'அனைத்தும்' என்ற சொல் எப்பொழுதும் ஐயத்தை விளைவிப்பது. மது, புட்டிப் பானங்கள், இணைய இணைப்பு, சலவை, கரையில் ஊர் சுற்றிப் பார்த்தல் ஆகியவை பெரும்பாலும் புறம்பானவை. நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் சேரக்கூடும். கப்பலில் கையில் பணம் புழங்குவது அரிது. அறைத் திறவுகோலாகிய அட்டையை நீட்டினால் போதும், கணக்கில் ஏறிவிடும். ஏறியது எவ்வளவு என்பது கடைசி நாளன்றுதான் பலருக்குத் தெரிகிறது. ஒவ்வோர் இரவும் கணக்கைக் கேட்டுப் பார்த்துவிடுவது நலம்.

இனி, நானே செய்த ஒரு பிழையைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், என் தாயாரைச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு கப்பலில் அழைத்துச் சென்றேன். தம் தந்தையார் போன வழியைப் பார்க்க வேண்டுமென்பது அவர் ஆசை. விண்ணப்பத்தில் 'வெஜிடேரியன்' என்று குறித்துவிட்டு, கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். அச்சொல்லுக்குப் பிறர் கொள்ளும் பொருள் வேறு, என் தாயார் கொள்ளும் பொருள் வேறு என்பது முதல் இரவு சூப்பில் முட்டையைக் கண்டபோதுதான் உறைத்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாழைப்பழம் இரண்டை எடுத்துக்கொண்டு, "எனக்குப் பசியில்லையப்பா, நீ சாப்பிடு" என்று அறைக்குப் போய்விட்டார். நாளெல்லாம் சொற்களின் பொருளை நிறுத்துப் பார்க்கும் நான், என் தாயாருக்காக ஒரு சொல்லை நிறுத்துப் பார்க்கத் தவறினேன்.

மறுநாட் காலையில் உணவுக்கூடத் தலைவரிடம் சென்று, முட்டை, மீன், இறைச்சிச் சாறு ஆகியவை கூடா என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். அவர் முகங்கோணவில்லை. "நாளைக்கு வேண்டியதை இன்றிரவே சொல்லிவிடுங்கள்" என்றார். அன்று இரவே சோறும் பருப்பும் தயிரும் வந்தன. இவ்வாறு முதல் நாளே சொல்லி வைப்பது பல கப்பல்களில் உள்ள வழக்கமே. அதை அறியாததால் அம்மா ஒருவேளை பட்டினி கிடக்க நேர்ந்தது.

நினைத்தவுடன் எதையும் சமைத்துத் தரக் கப்பலின் அடுக்களையால் இயலாது. அங்குத் தீயே பெரும் பகை. ஆதலின் சமையல் பெரும்பாலும் மின்னடுப்பில்தான். பண்டங்கள் துறைமுகத்திலேயே ஏற்றப்பட்டுவிடுகின்றன. நடுக்கடலில் கடைத்தெரு இல்லை. நன்னீரைப் பல கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பை நீக்கியோ தாமே ஆக்கிக்கொள்கின்றன. மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி முதலியவற்றையும், வீட்டில் சமைத்த உணவையும் பெரும்பாலான கப்பல்கள் உள்ளே விடுவதில்லை.

அறைகளுள் சன்னலற்ற உள்ளறை விலை குறைந்தது. கடல் தெரியும் அறையும் மாடமுள்ள அறையும் விலை கூடியவை. ஆயினும் உடம்புக்கு இதமானது விலை கூடியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்றப்பலகையின் நடுவில் இருப்பவனுக்கு ஆட்டம் குறைவன்றோ? அதுபோலக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளே குறைவாக ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்க நீருக்கடியில் சிறகு போன்ற துடுப்புகள் உண்டு; முன்பின்னான ஆட்டத்தை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். முதியோரை அழைத்துச் செல்ல அது காலமன்று.

குமட்டல் எழுவது ஏன்? உட்செவி 'அசைகிறோம்' என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. இம்முரண்பாடே காரணம். மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தை நோக்கினால் பலருக்குத் தணியும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மாத்திரையைக் குமட்டல் தொடங்குமுன் உட்கொள்ள வேண்டும்; முதியோர் மருத்துவரைக் கேட்டே கொள்க. பலர் ஒரே கரண்டியைத் தொடும் இடமாதலால், உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவது இன்றியமையாதது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ கிருமிக்குக் கையில் தடவும் சாராயத் திரவம் மட்டும் போதாது.

இன்னொன்று. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் மாண்டனர். அதன்பின், பயணிகளுக்கான ஆபத்துக்காலப் பயிற்சியைப் புறப்படுமுன்னரோ, புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டுமென்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. விருந்து காத்திருக்கிறதே என்று அப்பயிற்சியைத் தவிர்க்கலாகாது. பெற்றோரின் கையைப் பிடித்து, அவர்கள் கூட வேண்டிய இடத்தைக் காட்டி வையுங்கள்.

கரையில் ஓர் உணவகம் பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகலாம். கடலில் அது இயலாது. ஆகவே, கேட்க வேண்டியவற்றைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். கட்டணத்தில் அடங்காதவை எவை? அறை எந்தத் தளத்தில், எந்தப் பகுதியில்? மருத்துவர் உண்டா? அவருக்குக் கட்டணம் எவ்வளவு? உடன் வரும் முதியவர் உண்ணாதவை எவை என்பதை ஒரு சொல்லில் அடக்காமல், விரித்து எழுதிக் கொடுங்கள்.

பினாங்குக் கரை தெரிந்த காலையில் என் தாயார் தயிர்ச் சோறு உண்டுவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறு நெடுநேரம் நின்றார். "அப்பா இதைத்தானே பார்த்திருப்பார்" என்றார்.