அப்பாவோட நோட்டும் என் போனும்: குறிப்பு எழுத எது போதும்?

"குறிப்பு எழுத எந்த ஆப் நல்லது?" இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது. பதிலுக்கு முன்னாடி எங்க வீட்டு நோட்டு ஒன்றைப் பற்றிச் சொல்லணும்.

எங்க ஊர் திருத்துறைப்பூண்டி. காவிரிக்குக் கடைமடை. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் எங்க வயலுக்குத் தண்ணி என்னைக்கு வரும்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. அதை அப்பா ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். 'முள்ளியாத்துல தண்ணி. வாய்க்காலுக்கு இன்னும் வரல.' சில நாள் கழித்து, 'வந்தாச்சு.' அப்புறம் விதை விட்ட தேதி, உரம் எத்தனை மூட்டை, நடவுக்கு எத்தனை ஆள், கூலி எவ்வளவு. நாளைக்கு ரெண்டு வரி, அவ்வளவுதான். சம்பாவுக்கு நாற்று விடலாமா, நேரடி விதைப்பா என்று யோசிக்கும்போது அந்தப் பழைய பக்கங்களைத்தான் புரட்டுவார்.

2018 நவம்பர் 16, கஜா புயல். ஓடு பறந்து, பரணில் இருந்த நோட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. மைப் பேனாவில் எழுதியது கரைந்தது, பால்பாயிண்ட் எழுத்து தப்பித்தது. காய வைத்துப் பிரித்ததில் ஏழெட்டு வருஷக் கணக்கு மிஞ்சியது.

நான் சென்னையில் ஒரு ஆப்பில் மூணு வருஷம் எழுதினேன். அந்த நிறுவனம் சேவையை நிறுத்தியதும் எல்லாம் போச்சு. முன்கூட்டியே மெயில் அனுப்பியிருக்காங்க, நான்தான் பார்க்கல. புயலுக்குக்கூட ஏழெட்டு வருஷம் தப்பியது, எனக்கு ஒரு வரி மிஞ்சல.

அதனால ஆப் அழகா இருக்கா என்று நான் இப்போ பார்க்கிறதில்லை. எழுதினதை வெளியே எடுக்க முடியுமா, எடுத்தது வேற இடத்தில் திறக்குமா, இந்த ரெண்டையும்தான் பார்க்கிறேன்.

தமிழில் இந்தத் தொல்லை பழசு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பாமினி, டிஸ்கி, டேப் என்று ஆளாளுக்கு ஒரு முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கடிதம் முழுக்க வெறும் கிறுக்கலாத் தெரியும். 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும், தமிழக அரசு அதை அதிகாரபூர்வமா ஏற்றது 2010-ல்தான். வீட்டில் பழைய சிடி ஏதாவது கிடந்தால், எழுத்துரு மாற்றியில் போட்டு இப்பவே யூனிகோடாக்கி வைங்க.

சரி, கருவிகள். மளிகைப் பட்டியல், பஸ் நேரம் மாதிரி அவசரத்துக்கு கூகுள் கீப் போதும். ஆனா நூறு குறிப்பைத் தாண்டினால் குப்பைக்கூடை ஆயிடும். நாள்குறிப்புக்கு நான் அப்சிடியன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குறிப்பும் நம்ம போல்டரிலேயே தனிக் கோப்பாக, மார்க்டவுன் வடிவத்தில் இருக்கும். 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய முறை அது: தலைப்புக்கு முன்னால் ஒரு # போடணும், மற்றதெல்லாம் சாதாரண எழுத்து. நாளைக்கு அந்த ஆப்பே இல்லாமப் போனாலும் எந்த நோட்பேடிலும் திறக்கும். (அதுக்குன்னு ஆயிரக்கணக்கில் பிளக்-இன் இருக்கு. அதில் ஒரு மாசத்தைத் தொலைத்தவன் சொல்றேன், தொடாதீங்க.) கோப்பின் பெயரை 2024-06-12 என்று தேதியில் ஆரம்பித்தால் தானாவே வரிசையாகிடும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். 'உரம்' என்று தேடினால் 'உரத்தை', 'உரத்துக்கு' எல்லாம் கிடைக்காது, சொல்லே மாறிடுது இல்லையா? 'உர' என்று மட்டும் தேடுங்க. 'நாத்து', 'நாற்று' ரெண்டையும் கலந்து எழுதினாலும் இதே கதைதான். எழுதறது எப்படி வேணா இருக்கட்டும், கடைசியில் போடுற குறிச்சொல் மட்டும் எப்பவும் ஒரே எழுத்தில் இருக்கணும்.

என்ன எழுதணும் என்று கேட்டால் நெல் ஜெயராமனைச் சொல்வேன். எங்க ஊர் பக்கம் ஆதிரங்கத்தில் இருந்து பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர், 2018 டிசம்பரில் காலமானார். நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்தால், அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும். எந்த ரகம், யார் கையில் என்று கணக்கு இல்லாமல் இது நடக்காது. அறுபதாம் குறுவை என்ற பெயரிலேயே நாள் கணக்கு இருக்கு. ஆனா எல்லா ரகத்துக்கும் அப்படி இல்லை. சீட்டு மாறிட்டா விதை கையில் இருந்தும் ரகம் போயிடும். அதனால் பெயர், தேதி, இடம், இந்த மூணும் இல்லாத குறிப்பை நான் சேமிக்கிறதில்லை.

வலைப்பதிவு? 1999-ல் வந்த பிளாகர், 2003-ல் கூகுள் கைக்குப் போய், இன்னும் ஓடுது. தமிழ்மணம் காலத்தில் பின்னூட்டத்துக்காக எழுதியவர்களில் பலர் அது குறைந்ததும் நிறுத்திட்டாங்க. வீட்டுக்குள்ள நாலு பேர் மட்டும் படிக்கிற மாதிரியும் அமைப்பில் மாற்றிக்கலாம். அம்மாவோட வத்தக்குழம்பு அளவு, பழைய போட்டோவில் யார் யார், இதெல்லாம் அங்க போடுறோம். வங்கிக் கணக்கு, பாஸ்வேர்டு எதுவும் அங்க வேண்டாம். மாசம் ஒருமுறை மொத்தப் பதிவையும் இறக்கி பென்டிரைவில் வைங்க.

மிஞ்சிய நோட்டுகளை இப்போ கணினியில் ஏத்திட்டிருக்கேன். அப்பா படிக்க, போன் எழுதுது. பேச்சுவழியா தட்டச்சு தமிழில் நல்லாவே வருது, ஊர்ப் பெயரும் 'மா' கணக்கும் வந்தால்தான் தடுமாறும். கூலிக் கணக்கு வரும்போது மட்டும் அவர் போனை நம்ப மாட்டார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எண்ணையும் தானே சரிபார்ப்பார். 2011 வரைக்கும் வந்திருக்கோம்.