கிருமியே முடுக்கிவிடும் மாத்திரை

"அண்ணாச்சி, காலையிலருந்து வயித்தால போகுது, ஒரு மாத்திர குடுங்க." ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. கேட்டவர் கைக்குப் பல நேரம் வந்து சேர்வது மெட்ரோனிடசோல், அல்லது அதன் தம்பி ஆர்னிடசோல். நாக்கில் பட்டால் கடும் கசப்பு.

பாக்டீரியாவால் ஈறு வீங்கியவருக்குப் பல் மருத்துவர் எழுதித் தருவதும் இதே மெட்ரோனிடசோல்தான். ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு ஜியார்டியா ஒட்டுண்ணியால் கழிச்சல் கண்டால், கால்நடை மருத்துவரும் எடை பார்த்து இதைக் கொடுப்பதுண்டு. ஒட்டுண்ணியும் பாக்டீரியாவும் உயிர்க்குலத்தில் வெகுதூரத்து உறவு. இரண்டையும் ஒரே மருந்து எப்படிக் கொல்கிறது?

விழுங்கும்போது இந்த மருந்து செயலற்றுக் கிடக்கிறது. ஈறின் பள்ளம், சீழ்க்கட்டி, குடலின் ஆழம் போன்ற ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வாழும் கிருமிகள், ஃபெரடாக்சின் போன்ற புரதங்கள் வழியே எலக்ட்ரான்களைக் கைமாற்றிப் பிழைக்கின்றன. மருந்தின் நைட்ரோ பகுதி அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வீரியம் பெற்று, கிருமியின் டிஎன்ஏவை அறுக்கிறது. மருந்தை முடுக்கிவிடுவது கிருமியேதான்! ஆக்சிஜன் புழங்கும் நம் செல்களில் இது பெரும்பாலும் விழிப்பதில்லை.

இதன் மூதாதை அசோமைசின், 1950களில் ஜப்பானில் ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. பிரான்சின் ரோன்-பூலாங்க் நிறுவனத்தார் அதைத் திருத்தி, பிறப்புறுப்பைத் தாக்கும் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணிக்கு மருந்தாக்கினார்கள். அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் ஆறிவிட்டது. இரண்டு நோய் ஒன்றாகத் தீர்ந்தது என்று அவரே சொன்னார். ஷின் என்ற பல் மருத்துவர் அதை 1962-ல் எழுதினார். பாக்டீரியாவுக்கும் இது மருந்து என்று உலகம் அறிந்தது ஒரு நோயாளியின் வாய்ச்சொல்லால் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அமீபா சீதபேதிக்கு இது கேட்கும் என்பதை 1966-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவர்கள் காட்டினார்கள்.

வைரஸால் வரும் பேதிக்கு இந்த மாத்திரையால் எந்தப் பயனும் இல்லை. அப்போது உயிரைக் காப்பது உப்பு-சர்க்கரைக் கரைசல். சீதமும் ரத்தமும் கலந்து போனால், கடைக்குப் போகாமல் அரசு மருத்துவமனைக்குப் போய் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அமீபாவே என்று உறுதியானாலும் வேலை பாதிதான். மெட்ரோனிடசோல் பெரும்பகுதி மேல்குடலிலேயே ரத்தத்தில் கலந்துவிடும். குடல்சுவரைத் துளைத்த அமீபா சாகும். குடலுக்குள் கூடு கட்டிக் கிடப்பவை தப்பிவிடும். வயிற்றுவலி நின்றவர் அந்தக் கூடுகளை மலத்தில் வெளியேற்றிக்கொண்டே இருப்பார். அதனால்தான் மருத்துவர் அடுத்து டைலாக்சனைடு என்று இன்னொரு மாத்திரையையும் எழுதுகிறார்.