நாள் தவறும் யந்திரங்கள்

சிறிய மருத்துவமனை ஒன்றில், ஈ.சி.ஜி. யந்திரம் ஒவ்வொரு தாளின் தலையிலும் 01-01-2000 என்று அச்சிட்டுத் தள்ளுவதையும், பணியிலிருந்த செவிலி அதைப் பேனாவால் அடித்துவிட்டு அன்றைய தேதியைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போவதையும் கண்ணாரக் கண்டேன். உள்ளேயிருக்கும் கடிகாரச் சில்லுக்கு உயிர் கொடுக்கும் பொத்தான் பாட்டரி தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். "தேதிதானே சார், மற்றபடி நன்றாக ஓடுகிறது" என்றார் நிர்வாகி. இதே வார்த்தையைப் பள்ளிக்கூடத்திலும் கிடங்கிலும் அடுக்குமாடிச் சங்கத்திலும் கேட்டுக் கேட்டு மனம் அலுத்துப்போனதனாலேயே இதை எழுதுகிறேன்.

தேதிக் கோளாறு 2000-ஆம் ஆண்டோடு தீர்ந்துபோன விவகாரம் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். ஆனால் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் அது தலைகாட்டியிருக்கிறது. 1996 லீப் வருஷம், அதற்கு 366-ஆவது நாள் ஒன்று உண்டு என்பதை நிரல் எழுதியவர் கருத்தில் கொள்ளாத காரணத்தால், அவ்வருஷத்தின் கடைசி நள்ளிரவில் நியூசிலாந்தின் டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒருசேர நின்று, உருக்கும் கலங்கள் அளவுமீறிச் சூடேறிச் சேதமாயின. இரண்டு மணி நேரம் கழித்து நள்ளிரவு எட்டிய டாஸ்மேனியாவின் பெல் பே ஆலைக்கும் அதே கதி நேர்ந்தது. 2010 பிறந்தபோது ஜெர்மனியில் ஏறக்குறைய 3 கோடி வங்கி அட்டைகளின் சில்லுகள் புது வருஷத்தைப் புரிந்துகொள்ள மாட்டாமல் தடுமாறின. இனி வரவிருப்பது 2038. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட் எண்ணில் கூட்டிவரும் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடியோடு இடம் நிரம்பி, மறு வினாடியில் 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். இன்று வாங்கும் லிஃப்டும் எக்ஸ்ரே யந்திரமும் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்காகச் சில்லு உள்ள எல்லாவற்றையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நிமிஷங்களை மட்டும் எண்ணும் சாதாரணத் துணி துவைக்கும் யந்திரத்துக்கு இன்றைய தேதியே தெரியாது. யந்திரம் தேதியை அறியுமா, அறிந்ததை அச்சிடுவதோடு நிற்கிறதா, அதைக் கொண்டு கணக்கிட்டு முடிவும் எடுக்கிறதா, அம்முடிவு தவறினால் கெடுவது பணமா, பதிவேடா, உயிரா என்று வரிசையாக விசாரிக்க வேண்டும். 2000-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கர்ப்பிணிகளின் வயதைத் தவறாகக் கணித்த ஆய்வகக் கணினி, சிசுவுக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் அபாயம் பற்றி 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பிழையான முடிவுகள் சென்றடையக் காரணமாயிற்று. நின்றுபோகும் யந்திரத்தை விட, ஓடிக்கொண்டே பிழை சொல்லும் யந்திரமே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

சோதித்துப் பார்ப்போம் என்று தேதியை நீங்களாக முன்னே தள்ளாதீர்கள். உரிமக் காலம் முடிந்துவிட்டதென யந்திரம் பூட்டிக்கொள்ளலாம். அளவுத்திருத்தப் பதிவுகள் குழம்பலாம். நிறுவனப் பொறியாளரை அருகில் வைத்துக்கொண்டு, லீப் வருஷத்து பிப்ரவரி 29-ஐயும் 2038 ஜனவரி 19-ஐயும், மின்சாரம் இருக்கும்போது ஒருமுறை, நிறுத்தி வைத்து மறுபடி ஒருமுறை, கடக்கச் செய்து பார்க்க வேண்டும். நோயாளியோடு இணைந்திருக்கும் கருவியில் கூடவே கூடாது. மறுபடியும் சொல்கிறேன்: நோயாளியோடு இணைந்திருக்கும் கருவியில் கூடவே கூடாது.

முதல் பரிகாரம் ஒரு கடிதம். மாடல் எண், வரிசை எண், மென்பொருள் பதிப்பு எண் மூன்றையும் குறிப்பிட்டு, எந்தத் தேதி வரை கடிகாரம் பிழையின்றி ஓடும், பாட்டரி தீர்ந்தால் எந்தத் தேதிக்குத் திரும்பும், திருத்திய மென்பொருள் எத்தனை ஆண்டு வரை கிடைக்கும் என்று உற்பத்தியாளரை வினவி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசியில் "ஒன்றும் ஆகாது சார்" என்பது பதிலாகாது. எழுத்தில் வந்ததே பதில். அதே உறுதியை வாங்கும் ஆணையிலும், ஏ.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்தாகச் சேர்க்க வேண்டும். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகாராகையால், பெரிய நிறுவனங்களுக்கு அந்த ஷரத்தே முக்கியக் கவசம். வீட்டுக்கு வாங்கியவரும், ஜீவனத்துக்காகத் தாமே தொழில் நடத்துபவரும் 1915 என்ற உதவி எண்ணில் முறையிடலாம்; தீராவிட்டால், வழக்குக் காரணம் எழுந்த நாள் முதல் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும்.

மருத்துவக் கருவியால் தீங்கு நேர்ந்தால், அல்லது நேரவிருந்து தப்பினால், காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நெறிமுறை ஆணையம் நடத்தும் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருத்துவர்தாம் சொல்ல வேண்டுமென்பதில்லை, நோயாளியும் சொல்லலாம். புகாரோடு காட்டச் சான்று வேண்டுமாகையால், தேதி அடித்து எழுதப்பட்ட அந்தத் தாள்களைக் கிழித்தெறியாமல் பத்திரமாகக் கோப்பில் வைக்கும்படி செவிலியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.