ஜவ்வாது மலை ஓடையில் எப்போது இறங்கலாம்?

மே மாத வெயிலில் 40 டிகிரியைத் தாண்டி வேலூர் கொதிக்கும்போது, ஊர்க்காரர்களுக்கு ஜவ்வாது மலை நினைவுக்கு வரும். போளூர் வழியாக மலையேறினால் ஜமுனாமரத்தூர்; பக்கத்திலேயே பீமன் நீர்வீழ்ச்சி. வேலூர்ப் பக்கமாகவே போனால் அமிர்தி. ஆனால் நாம் தண்ணீரைத் தேடிப் போகும் அந்த மாதத்தில்தான் பாறையில் தண்ணீர் நூலாக ஒழுகிக்கொண்டிருக்கும். ஓடை நிறைந்து புரளும் மாதங்களிலோ இறங்கினால் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் குளிக்கத் தோதான காலம் என்று ஒன்று உண்டா?

உண்டு. அதற்கு முதலில் தண்ணீரின் குளிர்ச்சியைப் பார்த்துவிடலாம்.

உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வீதம் காற்றின் வெப்பம் குறையும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. மலைமேல் உள்ள காவலூர் சுமார் 725 மீட்டர். அப்படியானால் இரண்டுக்கும் மூன்று டிகிரிக்குச் சற்று மேல் வித்தியாசம். வேலூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 டிகிரியை ஒட்டியது என்பதால், மலைமேல் அது 24, 25 என்று வரும். பாறை இடுக்கில் ஊறி வரும் தண்ணீரின் வெப்பமும் பொதுவாக அந்த இடத்து ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். நீச்சல் போட்டிக் குளங்களுக்குச் சர்வதேச விதி வைத்திருக்கும் அளவு 25 முதல் 28 டிகிரி. கணக்குப்படி பார்த்தால் ஜவ்வாது மலைத் தண்ணீர் ஒன்றும் இமயமலைத் தண்ணீர் அல்ல.

பிறகு ஏன் காலை வைத்ததும் பல் கிட்டுகிறது? காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடம்பு சூட்டை இழக்காமல் சும்மா மிதக்க வேண்டுமென்றால் தண்ணீர் 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 24 டிகிரியில் பெரியவர்கள் வெகுநேரம் தாக்குப்பிடிப்பார்கள்; குழந்தைகளுக்குச் சீக்கிரமே உதடு நீலமாகிவிடும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அருவியடியில் குளிர் இன்னும் ஒரு படி அதிகம். விழும் தண்ணீர் திவலையாகச் சிதறி ஆவியாகும்போது தன் சூட்டைத் தானே இழக்கிறது. ஈர உடம்பின் மேல் காற்று வேறு அடிக்கிறது.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் வானம் தெளிவாக இருந்தால் தரைச் சூடு மேலேறிப் போய்விடும். விடியற்காலை ஓடை அப்போதுதான் மிகவும் சில்லிட்டிருக்கும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததற்கு இந்தத் தெளிந்த வானமும் ஒரு காரணம். வானியலாளர்களுக்கு நல்ல மாதங்கள் ஓடைக்கு மெலிந்த மாதங்கள். ஓடைக்குக் கொண்டாட்டமான மாதங்களில் தொலைநோக்கிக்கு விடுமுறை மாதிரிதான்.

குளிரைச் சமாளித்துவிடலாம். ஆளை அடித்துப் போவது மழை, அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெய்யும் மழை.

செய்யாறு, நாகநதி, கமண்டல நாகநதி எல்லாம் இந்த மலையில்தான் பிறக்கின்றன. அடியில் இருப்பது கெட்டிப் பாறை. சரிவுகளில் மண் கனம் குறைவு. கொட்டும் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ள இடமில்லாததால், பெய்த வேகத்தில் கானாறு பெருகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பகுதியில் மழை பெரும்பாலும் சாயங்கால இடிமழை. கீழே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு மணி நேரம் ஊற்றித் தள்ளியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, இந்த மலைக்குத் தென்மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அதே ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. அது மழைக்காலம்கூட அல்ல, கோடை விடுமுறை.

ஓடை முன்கூட்டியே சேதி சொல்லும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் சத்தம் கனக்கும். இறங்குமுன் தண்ணீர் விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு அவ்வப்போது அதைப் பார்த்துக்கொண்டால் போதும். கல் முழுகினால் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டியதுதான். துணி, செருப்பு, செல்போன் என்று திரும்பிப் போகக் கூடாது. வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தாலே ஆளைத் தடுக்கி விழவைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு.

அருவி விழும் மடுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலிருந்து விழும் தண்ணீர் அடிவரை போய்த் திரும்பி மேலெழுந்து மறுபடி அருவிப் பக்கமே இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் நல்ல நீச்சல்காரனையும் அது தாங்காது. அடியில் எங்கே பாறை, எங்கே பள்ளம் என்பது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் மாறும். போன வருடம் தலைகீழாகக் குதித்த இடம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று நம்புவது முட்டாள்தனம்.

கோடையில் தேங்கி நிற்கும் குட்டைகளையும் விட்டுவிடுவதே நல்லது. கேரளத்தில் 2024இல் குழந்தைகள் சிலரின் உயிரைப் பறித்த மூளைத் தொற்றுக்குக் காரணமான அமீபா வகை, சூடேறிய நன்னீரில் வளர்வது. மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும். ஓட்டம் நின்று பாசி பிடித்த தண்ணீரில் முக்குளி போட வேண்டாம்.

ஆகவே தோதான காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, அதுவும் மேகமில்லாத நாளின் நடுப்பகல். வெள்ளம் அடங்கியிருக்கும், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், சூரியனும் துணைக்கு வரும். இந்தக் காலத்தை நீட்டவும் வழியுண்டு. நாகநதிப் பகுதியில் ஊரகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளைக் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரைவரை அது போனது. இப்படி நிலத்தில் இறங்கும் தண்ணீர்தான் மழை ஓய்ந்த பிறகும் ஆற்றுக்கு ஊற்றாகத் திரும்பி வரும். மலையிலும் அதே கணக்குத்தான்: காடும் ஊற்றும் இருந்தால் ஓடையின் நல்ல மாதங்கள் நீளும்.

எந்த மாதத்தில் போனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஒருவர் தண்ணீரில் தத்தளித்தால் பின்னாலேயே குதிப்பவரும் சேர்ந்து மூழ்குவதுதான் பல விபத்துகளின் கதை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரைசேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. ஜவ்வாது மலைக்குக் கிளம்பும்போது பிரியாணிப் பொட்டலத்தோடு நீளமான நைலான் கயிறு ஒன்றையும், மூடி இறுக்கிய காலிக் கேன் ஒன்றையும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அருவிக்குப் போக வேண்டாம் என்று வனத்துறை சொல்லும் நாளில் கோமுட்டேரியில் படகு விட்டுவிட்டுச் சாமை அரிசி வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.