படை ஊர்தியின் உதிரிப் பாகங்களும் கடல் கடந்த வாணிகமும்

போர் ஓய்ந்தால் வீரர்கள் வீடு திரும்புவர். அவர்களைச் சுமந்து திரிந்த ஊர்திகளோ பெரும்பாலும் திரும்புவதில்லை. அவற்றைக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுபோக ஆகும் செலவு, பல வேளைகளில் அவற்றின் விலையையே விஞ்சிவிடும். ஆதலால் இருந்த இடத்திலேயே அவை ஏலத்திற்கு வருகின்றன. ஊர்தியோடு, அதற்கெனப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்த உதிரிப் பாகங்களும் விலைக்கு வருகின்றன. ஒரு நாட்டின் படைக்குத் தேவையற்றுப் போன இப்பொருள்கள் மற்றொரு நாட்டில் தேடி வாங்கப்படுகின்றன. இவ்வாணிகத்தின் இயல்பையும் அதில் உள்ள இடர்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விமான நிலையமும் தடையற்ற வாணிக மண்டலமும் அமைந்த பத்து பெரண்டாம் வட்டாரத்தார்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. அதே மலாக்கா மாநிலத்தில், சுங்கை ஊடாங் பகுதியிலுள்ள தெரெண்டாக் முகாமில், 1960களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களைக் கொண்ட 28ஆம் காமன்வெல்த் படைப்பிரிவு தங்கியிருந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தன் படைகளை 1971 இறுதிக்குள் விலக்கிக்கொள்வதாக பிரிட்டிஷ் அரசு 1968 ஜனவரியில் அறிவித்தது. அதன்பின் அம்முகாம் மலேசியப் படையின் கைக்கு வந்தது. படை பெயரும் இடந்தோறும் ஒரே கேள்வி எழும்: எஞ்சிய பொருள் யாருக்கு, எந்த விலைக்கு?

இக்கேள்வி பேரளவில் எழுந்த காலம் இரண்டாம் உலகப் போரின் முடிவாகும். அப்போரின்போது வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. ஃபோர்டு நிறுவனம் தன் விருப்பப்படி வேறு வகை வண்டியைச் செய்யவில்லை. வில்லிஸ் வண்டியின் அமைப்பையே பின்பற்றியது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டும் என்பது படையின் கட்டளை. இரண்டு பழுதான வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒரு வண்டியைப் போர்க்களத்திலேயே உருவாக்க இயன்றது இதனால்தான். போருக்குப் பின்னரும் இப்பொருத்தமே உதிரிப் பாக வாணிகத்திற்கு அடிப்படையாயிற்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளின் உடலை நீட்டி, இருக்கைகளைப் பெருக்கி, 'ஜீப்னி' என்னும் பொதுப் போக்குவரத்து வண்டியாக மக்கள் மாற்றிக்கொண்டனர்.

அயல்நாடுகளில் இவ்வாறு விற்ற பொருளுக்கு ஈடாக வந்த பணத்தால் ஓர் அரிய கல்விப் பணியும் நிகழ்ந்தது. ஆசிரியர்கள் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் நன்று. போரினால் நலிந்த நாடுகளிடம் அமெரிக்க டாலர் இல்லை. அவை தத்தம் நாணயத்திலேயே விலை கொடுக்க முடியும். அந்நாணயத்தை அந்நாட்டிலேயே செலவிட்டாக வேண்டும். அதனை மாணவர், ஆசிரியர் பரிமாற்றத்திற்குப் பயன்படுத்தலாம் என்று ஃபுல்பிரைட் என்னும் அமெரிக்க மேலவை உறுப்பினர் முன்மொழிந்தார். அவர் கொண்டுவந்த சட்டம் 1946 ஆகஸ்டு முதல் நாள் நிறைவேறியது. இன்று உலகறிந்த ஃபுல்பிரைட் உதவித்தொகையின் தோற்றம் இதுவே. லாரியும் ஜீப்பும் விற்ற காசு நூலகத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் வழி செய்தது.

ஆனால் இவ்வாணிகத்தின் மறுபக்கம் கசப்பானது. அதற்குச் சான்று தமிழர்க்கு அண்மையிலேயே, சென்னைத் துறைமுகத்தில் உண்டு. 1948இல் காஷ்மீரப் போருக்காக இந்திய அரசுக்கு ஜீப்புகள் உடனே தேவைப்பட்டன. அப்போது இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், பழுது பார்த்துப் புதுப்பித்த 2,000 ஜீப்புகளுக்கு ஒரு சிறு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 80 இலட்சம் ரூபாய். பணத்தின் பெரும்பகுதி முன்னதாகவே கொடுக்கப்பட்டது. 1949இல் சென்னையில் வந்திறங்கியவை 155 வண்டிகள் மட்டுமே. அவையும் படைக்கு உதவாதவை என்று கண்டறியப்பட்டது. நாடாளுமன்றத்தில் பெரும் பூசல் எழுந்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு, இதனை நீதி விசாரணைக்கு விடவேண்டும் எனப் பரிந்துரைத்தது. எனினும் 1955இல் உள்துறை அமைச்சர் பந்த், இவ்விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். மறு ஆண்டில் மேனன் அமைச்சரானார்.

அரசியலை ஒதுக்கி வைத்து, வாணிகமாக மட்டும் இதனை நோக்கினாலும் மூன்று படிப்பினைகள் விளங்கும். பொருளைக் கண்ணால் காணாமல் பணம் கொடுத்தல் கூடாது. விற்பவரின் முதலையும் முன்வரலாற்றையும் ஆராயாமல் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்தல் கூடாது. 'புதுப்பிக்கப்பட்டது' என்னும் ஒரு சொல்லை நம்புதல் கூடாது. எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எது பழையபடியே விடப்பட்டது என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். அரசுக்கே இத்தகைய இழப்பு நேருமெனில், சேமிப்பைக் கொண்டு வாணிகம் தொடங்கும் ஒரு பட்டறைக்காரரின் நிலை என்னவாகும்?

இனி, உதிரிப் பாகத்தை அடையாளம் காணும் முறையைக் காண்க. படைப் பொருளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், எண் மாறுவதில்லை. நேட்டோ நாடுகளும் அவற்றைப் பின்பற்றும் பிறநாடுகளும் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க எண்ணைத் தருகின்றன. முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகையைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 2530 எனத் தொடங்கினால் அது ஊர்தியின் பிரேக், ஸ்டீயரிங், அச்சு, சக்கரம் ஆகியவற்றைச் சார்ந்த பாகம். 2610 எனத் தொடங்கினால் டயர் அல்லது டியூப். அடுத்த இரண்டு இலக்கங்கள் எந்நாடு அவ்வெண்ணை வழங்கியது என்பதைக் காட்டும். 99 பிரிட்டனுக்கும் 66 ஆஸ்திரேலியாவுக்கும் உரியன. எஞ்சிய ஏழும் அப்பொருளுக்கே உரிய தனி எண். 1974க்கு முற்பட்ட அமெரிக்கப் பெட்டிகளில் நாட்டுக் குறி இல்லாத 11 இலக்க எண்ணே இருக்கும். ஓர் இலக்கம் தவறினாலும் கடல் கடந்து செல்வது வேறொரு பொருளாகிவிடும்.

எண் பொருந்தினாலும் ஆராய வேண்டியவை உள்ளன. படைக்கெனச் செய்த ஊர்தி, வெளித்தோற்றத்தில் பொதுமக்கள் வண்டியை ஒத்திருப்பினும், உள்ளே வேறுபடலாம். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் ஓடுவதைப் பலர் கண்டிருப்பர். அவ்வகையில் வானொலிக் கருவி பொருத்துவதற்காகப் படைக்குச் செய்த வண்டிகள் 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவன. பொதுமக்கள் வண்டியோ 12 வோல்ட். ஒன்றின் மின்பாகம் மற்றொன்றுக்கு ஆகாது. மேலும், 'பயன்படுத்தப்படாதது' என்பதும் 'புதியது' என்பதும் ஒன்றல்ல. கிரீஸ் பூசி மெழுகுத்தாளில் பொதிந்த பற்சக்கரம் பல்லாண்டு கெடாது. அதே பெட்டியில் கிடக்கும் ரப்பர் வளையமும் பிரேக் குழாயும் ஓடாமலே கெட்டிறுகிப் போயிருக்கும். இதனை மறைத்து விற்றால், இழப்பு வாங்குபவரின் பணத்தோடு நிற்காது. மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமற்போனால் உயிரே போகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது சட்டம். படைக்கெனத் தனியே வடிவமைத்த ஊர்திப் பாகங்கள் பல நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அடங்கும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வியூக வாணிகச் சட்டம், இத்தகைய பொருள்களின் ஏற்றுமதியை மட்டுமன்றி, இடைத்துறைமுக மாற்றத்தையும், நாட்டின் வழியாகக் கடந்து செல்வதையும், தரகையும் கட்டுப்படுத்துகிறது. பொருளைக் கையாலும் தொடாமல் இருவரைச் சேர்த்துவைத்துத் தரகு பெறுபவரும் அதன் பிடிக்குள் வரக்கூடும். இறுதியாகப் பயன்படுத்துபவர் யார் என்ற உறுதிமொழியும் கேட்கப்படும். இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. எஃப்-14 போர் விமானத்தை அமெரிக்கா 2006இல் ஓய்வுபெறச் செய்தது. அதனை இன்னும் வைத்திருந்த நாடு ஈரான். உபரிப் பாகங்கள் அங்குச் சென்று சேரலாம் என்ற அச்சத்தால் 2007இல் அவற்றின் விற்பனையையே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிறுத்தியது. சிறு பாகம் கிடைக்காவிடில் பெரும் போர்விமானமும் தரையிலேயே கிடக்கும்; கிடைத்தால் பறக்கும்.

ஆகவே, இத்துறையில் ஈடுபட எண்ணும் இளைஞர் இரும்பை மட்டும் அறிந்தால் போதாது. எண்ணைப் பிழையின்றி வாசிக்கவும், ஒப்பந்தத்தின் சொற்களை நிறுத்துப் பார்க்கவும், சட்டம் கேட்கும் தாள்களை ஒழுங்காக எழுதவும் பழகவேண்டும். உள்ளதை உள்ளவாறு விவரிக்கும் நேர்மையும் வேண்டும்; கடலுக்கு அப்பாலிருந்து வாங்குபவர் பொருளைப் பார்க்குமுன் விற்பவரின் சொல்லைத்தான் பார்க்கிறார். அச்சொல் பொய்த்தால் ஏற்றிய சரக்கு என்னவாகும் என்பதைச் சென்னையில் இறங்கிய அந்த 155 ஜீப்புகள் காட்டுகின்றன.