முன்னங்காலைத் தூக்கிய ஆடு

மகன் அந்தமானுக்கு ஸ்கூபா பழகப் போகிறானாம். சுறா வந்தால் என்ன செய்வது என்று பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். சுறாவை விடுங்கள் அம்மா. படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள்.

கடலுக்குள் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வருகிறது. அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து உடம்பெங்கும் சேர்ந்துகொள்ளும். வில்லங்கம் மேலே வருவதில் இருக்கிறது. அவசரமாக ஏறினால், நுரையீரல் வழியே வெளியேற நேரமில்லாமல் அது இருந்த இடத்திலேயே குமிழாகிவிடும். மூட்டில் என்றால் வலி. முதுகுத்தண்டில் என்றால் கால் விளங்காமலே போகலாம். இதைத்தான் பெண்ட்ஸ் என்கிறார்கள்.

இதற்கு உருப்படியான வழி கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேஸ்வரில் காலமான ஜே.பி.எஸ். ஹால்டேனின் அப்பா. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆய்வில் இறங்கியவர், இரும்பு அறைக்குள் ஆடுகளை அடைத்து அழுத்தத்தை ஏற்றினார். எலி போன்ற சின்னப் பிராணிகளுக்கு ரத்தம் வேகமாகச் சுற்றும், வாயுவும் சீக்கிரம் போய்விடும். அந்தக் கணக்கு மனிதனுக்கு உதவாது. ஆடு ஓரளவு ஒத்துவரும். வலிக்கிறது என்று ஆடு சொல்லுமா? சொல்லும். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், சற்று நேரத்தில் ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆடு கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் அதோடு பழகியவர்களுக்குச் சிறு மாற்றமும் பிடிபட்டுவிடும் என்று 1908-இல் வந்த ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிறவர் யாரும் இதை ஒத்துக்கொள்வார்.

அழுத்தம் பாதியாகக் குறைவதை உடம்பு தாங்கும் என்று ஹால்டேன் கணக்கிட்டார். அதனால் முதல் பாதியைச் சற்று விரைவாக ஏறி, பிறகு ஆங்காங்கே நின்று நின்று வர வேண்டும் என்று அட்டவணை போட்டார். உடம்பின் பாகங்கள் ஒரே வேகத்தில் வாயுவை வாங்குவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வகைத் திசு 5 நிமிடத்தில் பாதி நிறைந்துவிடும். இன்னொன்றுக்கு 75 நிமிடம் ஆகும். எங்கள் வீட்டில் பாசிப்பயற்றைக் காலையில் ஊறப்போட்டால் மதியத்துக்கு ஆகிவிடும், கொண்டைக்கடலைக்கு முந்தின ராத்திரியே தண்ணீர் விட வேண்டும். உலர்வதும் அப்படித்தான். பாதி அளவை நிபந்தனையில்லாமல் நம்பக்கூடாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குள் ஓடுவது அந்தக் கணக்கின் வாரிசுதான்.

எனக்கு ஆற்றாமை இதில்தான். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் மூச்சடக்கி இறங்கியபோது இந்த நோய் அரிது. ஒரு நெஞ்சு நிறையக் காற்றோடு போய் வந்தார்கள். இப்போது படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாயில் காற்று வாங்கிக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். இயந்திரத்தை விற்றவர் அட்டவணையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சுற்றுலாப் படகுகளும் ஒன்றும் ஒழுங்கில்லை. ஒரு படகில் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். மாஸ்க் பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடந்தது. சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே என்றால் கரையில் இருக்கிறது என்றார்கள். அந்தச் சாவி ஒரு கயிற்றில் கட்டி சிலிண்டரோடு தொங்க வேண்டும். மீட்டர் முள்ளையும் பார்க்கணும்: கரை சேரும்வரை தாங்குமா? சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால் நைட்ரஜன் வெகு வேகமாக வெளியேறும், குமிழும் சுருங்கும். ஆளைப் படுக்கவைத்து, மாஸ்க்கை மாட்டி, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அங்கே 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி ஆக்சிஜன் கொடுத்து, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆளை வைத்திருப்பார்கள். வலிக்கிறதே என்று திரும்பக் கடலுக்குள் இறங்கிப் பார்ப்பது கூடவே கூடாது. குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் கீழே மயக்கம் வந்தால் தூக்க ஆள் இருக்காது.

இத்தனை ஏற்பாடும் வீணாவது ஆட்களின் வீம்பால். டேங்க் தூக்கியதில் தோள் பிடித்துக்கொண்டது, தூங்கினால் சரியாகிவிடும் என்பார்கள். அறிகுறி பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது, சிலருக்கு மறுநாள்கூட. மரத்துப்போதல், தள்ளாட்டம், சிறுநீர் பிரியாமை என்றால் விவாதமே வேண்டாம்.

பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஒரு முறைதான் இறங்கினான் என்றால் 12 மணி நேரம், பல முறை இறங்கினால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏறலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்துக்குச் சமம். புதுச்சேரியில் டைவ் அடித்துவிட்டு அன்றே காரில் ஏற்காடு போகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.